அலமாரியின் முதுகு

காலை ஒன்பதரை மணிக்கு வீட்டுக்காரர்கள் வீட்டை விட்டு வெளியேறிவிட வேண்டும். கலிபோர்னியாவில் எங்கள் பசடீனா பேட்டையில், பழைய பங்களாக்களைக் காக்கும் சங்கம் வைத்திருக்கும் விதி அது. ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டு பழைய வீடுகளை ஊருக்குத் திறந்துவிடுவார்கள். அன்றைக்கு மட்டும் வீடு வீட்டுக்காரருடையது இல்லை. அறைக்கு ஒரு தொண்டர் நிற்பார். அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

தெல்மா எட்டரை மணிக்கே வந்து, அந்த எட்டில் ஒரு வீட்டுக்கு எதிர்ச்சாரியில் கற்பூர மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டாள். ஐம்பத்தெட்டு வயதாகும் பெண்மணி, பள்ளிக்கூட நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள், மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றால் யாருக்குத்தான் விசித்திரமாக இருக்காது? நாயோடு நடந்து போன ஒருவர் நின்று, "ஏதாவது தொலைஞ்சுபோச்சா?" என்று கேட்டார்.

"ஆமா. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி" என்றாள் தெல்மா.

நாய்க்காரர் வேகமாக நடையைக் கட்டினார்.

போன வாரப் பகுதியைத் தவறவிட்டவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். தெல்மாவின் அம்மா லோயிஸுக்கு 2011 ஜனவரியில் பக்கவாதம் வந்தது. ஒரு கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. மார்ச்சில் தெல்மா வேலை விஷயமாக இரண்டு நாள் வெளியூர் போக நேர்ந்தது. அண்ணன் வெண்டலும் அவன் மனைவி கொரினும் வந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டார்கள். தெல்மா திரும்பி வந்தபோது சாப்பாட்டறைச் சுவர் மொட்டையாக நின்றது. வீடு கட்டிய 1912-லேயே சுவரோடு சேர்த்துச் செய்த ஓக் மர அலமாரியைக் காணோம். கரையான் அரித்துவிட்டதென்றும் குப்பைமேட்டில் கொட்டிவிட்டதாகவும் வெண்டல் சொன்னான். அம்மா அசைகிற கையால் அந்தச் சுவரைக் காட்டிக் காட்டி அழுதாள். அலமாரி போன துக்கம் என்று தெல்மா நினைத்தாள். ஜூனில் அம்மா போய்ச் சேர்ந்தாள். அண்ணனோடு பேச்சும் அத்தோடு நின்றது.

வீடுகளைத் திறக்கும் ஞாயிறுக்கு ஒரு வாரம் முன்னால் தெல்மாவுக்கு ஒரு தபால் வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. உறையில் ஆங்கிலத்தில் எழுதிய அவள் பெயரின் முதல் எழுத்தான T-க்கு மேலே இழுத்த கோடு மட்டும் கடைசி எழுத்து வரைக்கும் குடை பிடித்தது. உள்ளே இந்த வருஷத்து வீடு பார்க்கும் நாளின் கையேடு. ஒரு பக்கம் மடித்து வைத்திருந்தது. அந்தப் பக்கத்தில் வெண்டல் புதிதாக வாங்கிப் புதுப்பித்த பங்களாவின் படம், அதன் சாப்பாட்டறையில் அதே அலமாரி.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனைக் கேள்விப்பட்டிருக்கிறோம். ஏழடி அலமாரியை மறைத்தவனை அன்றைக்குத்தான் பார்த்தோம்.

ஒன்பது இருபத்தைந்துக்கு வெண்டலின் கார் கிளம்பியது. தெல்மா தெருவைக் கடந்தாள். ஆற்றுக்கல் தூண் வைத்த முகப்பில் உட்கார்ந்து செருப்புக்கு மேல் காகித உறையை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். முன்னறைக் கணப்புக்குப் பக்கத்தில் தொண்டராக நின்றது நான்தான். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நேரே சாப்பாட்டறைக்குப் போனாள்.

சமையலறைத் தொண்டர் ரூபன் ஓச்சோவா. இந்தப் பேட்டையில் பாதி வீடுகளின் உத்தரத்திலிருந்து வெள்ளைப் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்த தச்சர். பத்து வருஷமாகத் தெல்மா வீட்டிலும் வேலை பார்க்கிறவர்.

"தெல்மா, இந்த அறைத் தொண்டரா ஹெலனுக்குத்தானே பேர் போட்டிருந்தது?"

"ஹெலனுக்கு முதுகு வலி."

"யார் சொன்னது?"

"ஹெலன்கிட்ட நான்தான் சொன்னேன்."

ரூபன் அவளைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார். தெல்மா வீட்டுச் சாப்பாட்டறைச் சுவரில் இந்த அலமாரியின் தடம் இன்னும் இருப்பது அவருக்குத் தெரியும். அதேபோல ஒன்று செய்து தருவதாக எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்றுவிட்டாள். அந்தச் சுவருக்குப் பெயின்ட்கூட அடிக்க விட்டதில்லை.

"இதுக்குப் போய் வார்னிஷ் அடிச்சிருக்கான் பாருங்க. சூதாட்ட விடுதி கவுன்டர் மாதிரி பளபளங்குது" என்றார் ரூபன். பழைய ஓக் மரத்துக்கு மங்கல் பழுப்புதான் அழகு. அதைப் பளபளப்பாக்குகிறவனை இங்கே யாரும் மன்னிப்பதில்லை.

தெல்மா அலமாரியின் முன்னால் நின்றாள். அழுகை வரும் என்று நினைத்துத்தான் கைக்குட்டை கொண்டுவந்திருந்தாள். வந்தது கோபம். நல்ல, சூடான, பன்னிரண்டு வருஷம் மூடி வைத்த கோபம்.

"சண்டை போடவா வந்தீங்க?" என்றார் ரூபன்.

"இல்ல. வர்றவங்களுக்கு விளக்கம் சொல்ல. அதுதானே நம்ம வேலை?"

பத்து மணிக்கு முதல் கூட்டம் வந்தது. வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்திருந்த அட்டையைத் தெல்மா கணீரென்று வாசித்தாள்.

"'எங்கள் குடும்பத்தில் வழிவழியாக வந்த ஓக் மரச் சுவர் அலமாரி.' அட்டையில இவ்வளவுதான் இருக்கு. மிச்சத்தை நான் சொல்றேன். கீழே குனிஞ்சு பாருங்க. அடிப்பலகையில சதுரமா ஒரு வெட்டு தெரியுதா?"

பத்துப் பேரும் குனிந்தார்கள்.

"அது எதுக்கு?" என்றாள் தொப்பி போட்ட ஒரு அம்மாள்.

"தரையில இருந்து சூடு காத்து வர்ற ஓட்டைக்கு. அலமாரி அதை அடைச்சிடக் கூடாதுன்னு வெட்டினது."

"இங்க தரையில ஓட்டையே இல்லையே?"

"இல்லதான். அது எங்க வீட்டுத் தரையில இருக்கு. மூணு தெரு தள்ளி."

"அப்போ இது இங்க எப்படி வந்துச்சு?"

"எங்கம்மா படுத்த படுக்கையா கிடந்தப்போ, கரையான் அரிச்சிடுச்சு, குப்பையில கொட்டிட்டேன்னு எங்கண்ணன் சொன்னான். ரொம்ப நல்ல கரையான். அழகாக் கழட்டி, வண்டியில ஏத்தி, வார்னிஷும் அடிச்சிருக்கு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரித்த பிறகு விஷயம் உறைத்தது. தொப்பி அம்மாள், "அண்ணன்னா... இந்த வீட்டுக்காரரா?" என்றாள்.

"அடுத்து சமையலறை. அடுப்பைத் தொடாதீங்க" என்றாள் தெல்மா.

இப்படிப் பதினோரு கூட்டம். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை, குரலை உயர்த்தவில்லை. தெல்மாவை உத்தமி என்று நான் எழுதமாட்டேன். ஒவ்வொரு முறை 'கரையான்' என்று சொல்லும்போதும் அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்து போனது. நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

பகல் ஒரு மணிக்கெல்லாம் வாசலில் வருகிறவர்கள், "அந்தக் கரையான் அலமாரி வீடு இதுதானே?" என்று கேட்டுக்கொண்டே உறையை மாட்டினார்கள்.

இரண்டு மணிக்கு வெண்டல் வந்தான். அறுபத்திரண்டு வயது, வீட்டுத் தரகன், வெளிர் நிற லினன் கோட்டு. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பின்னால் கொரின், அவன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, வழக்கம்போல வாய் திறக்காமல். அவளுக்கும் பின்னால் சங்கத் தலைவி ஆகஸ்டா, எண்பது வயதில் கைத்தடியோடு.

"வீட்டுக்காரங்க நாலு மணி வரைக்கும் உள்ள வரக் கூடாது, வெண்டல்" என்றாள் ஆகஸ்டா.

"என் வீட்டுக்குள்ளயே நின்னு ஒருத்தி என்னைத் திருடன்னு சொல்றா. நான் வெளிய நின்னு எலுமிச்சை ஜூஸ் குடிக்கணுமா?"

"காலுக்கு உறையாவது மாட்டு."

தன் வீட்டு வாசலில் தானே உட்கார்ந்து, காகித உறைக்குள் ஷூவை நுழைக்கப் படாத பாடு பட்டான் வெண்டல். ஒரு உறை கிழிந்துபோக, இன்னொன்று கேட்டு வாங்கினான். உள்ளே இருந்த முப்பது பேரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். இதைவிட நல்ல காட்சியை அவர்கள் வேறெந்த வீட்டிலும் பார்க்கப் போவதில்லை.

"கீழே எறங்கி வந்துட்ட தெல்மா. ரொம்பக் கீழே" என்றான் உள்ளே வந்ததும்.

"குப்பைமேடு வரைக்கும் போய்ப் பாத்தேன். அலமாரி அங்க இல்ல. அதான் இங்க வந்தேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வெண்டல் கூட்டத்தின் பக்கம் திரும்பிக் கையைக் கூப்பாத குறையாகப் பேசினான்.

"நான் பொய் சொன்னது நிஜம். கரையான்னு சொன்னேன். ஏன்? அம்மா இதை எனக்குக் குடுத்தாங்க. தெல்மாகிட்டச் சொல்லாதேன்னாங்க. இவ மனசு நோகக் கூடாதுன்னு அந்தப் பழியை நான் சுமந்தேன்."

"அம்மாவுக்குத்தான் பேச்சே இல்லையே. எப்படிச் சொன்னாங்க?"

"எழுதிக் குடுத்தாங்க. அலமாரி முதுகுலயே. கழட்டிப் பாத்துக்கோங்க!"

இது என்ன வழக்கம் என்று வெளியாட்களுக்குப் புரியாது. இந்தப் பேட்டையில் சுவரோடு சேர்ந்த மரச்சாமானை எதற்காகக் கழற்றினாலும், திரும்ப மாட்டுமுன் அதன் பின்பக்கத்தில் பென்சிலால் பெயரும் தேதியும் எழுதுவார்கள். அடுத்த முறை கழற்றுகிறவர் கண்ணுக்கு மட்டும் அது தெரியும். 1971 நிலநடுக்கத்தில் சுவர் விரிந்து அலமாரியைக் கழற்றியபோது தெல்மாவின் அப்பா எமெட் அப்படி எழுதினார். பத்து வயது வெண்டலையும் ஆறு வயது தெல்மாவையும் எழுத வைத்தார். பின்பக்கத்தில் எழுதியதைப் பத்திரம்போல மதிக்கிற ஊர் இது.

அவன் பயப்படுவான் என்று தெல்மா எதிர்பார்த்தாள். அவனோ கழற்றச் சொல்கிறான்.

ஆகஸ்டா தடியை ஒரு தட்டுத் தட்டினாள்.

"ரெண்டு பேரும் கேட்டுக்கோங்க. லோயிஸ் குடுத்தது உண்மைன்னா, தெல்மா, இத்தனை பேர் முன்னாடி நீ மன்னிப்புக் கேக்கணும். சங்கத்துல உன் பேர் இருக்காது. அலமாரியைப் பத்தி நீ இனிமே மூச்சு விடக் கூடாது. பொய்யின்னா, வெண்டல், அலமாரி இன்னைக்கே அவ வீட்டுக்குப் போகுது. சம்மதமா?"

"சம்மதம்" என்றான் வெண்டல், சிரித்துக்கொண்டே.

"சம்மதம்" என்றாள் தெல்மா. அவள் சிரிக்கவில்லை.

ரூபன் திருப்புளியோடு வந்தார். மேல்பாதிக்குப் பதினான்கு திருகாணிகள். ஒவ்வொன்றையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நாலு ஆண்கள் பிடித்து முன்னால் இழுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் படும்படி மெல்லத் திருப்பி வைத்தார்கள்.

மேலே அப்பாவின் கட்டை எழுத்து. அதற்குக் கீழே ஒரு பையன் பெயர். அதற்கும் கீழே கோணல்மாணலாக, ஒரு எழுத்து தலைகீழாக, தெல்மா. பிப்ரவரி 1971. அதைப் பார்த்ததும் தெல்மாவுக்கு ஒரு நொடி எல்லாம் மறந்துவிட்டது.

அதற்குக் கீழே அச்சாக அம்மாவின் கையெழுத்து.

'இதை வெண்டலுக்குத் தருகிறேன். தெல்மாவிடம் சொல்ல வேண்டாம். லோயிஸ். மார்ச் 14, 2011.'

வேடிக்கை பார்க்கத் திரும்பி வந்திருந்த தொப்பி அம்மாள் 'ச்சு' கொட்டினாள். அது தெல்மாவைப் பார்த்து. கூட்டம் ஒரு அடி விலகி நின்றது. காலையிலிருந்து அவளோடு சேர்ந்து சிரித்த ஜனங்கள்தான்.

"போதுமா?" என்றான் வெண்டல். "இன்னும் ஏதாவது விளக்கம் சொல்லணுமா உனக்கு?"

"தெல்மா..." என்று ஆரம்பித்தாள் ஆகஸ்டா. குரலில் வருத்தம் இருந்தது.

தெல்மாவின் கண் கடைசி வரியிலேயே நின்றது. மார்ச் 14, 2011. நூலகத்தில் முப்பது வருஷம் தேதி முத்திரை குத்தியவள்.

"அம்மா இதை அன்னைக்குத்தான் எழுதினாங்களா?"

"தேதி போட்டிருக்கே, கண்ணு தெரியலையா?"

"நான் ஊர்ல இல்லாத அந்த ரெண்டு நாள்ல. அவங்களே எழுதினாங்களா?"

"அவங்களேதான். கழட்டினதைக் கட்டில்கிட்டக் கொண்டுபோய்ப் பிடிச்சோம். பென்சிலைக் கையில குடுத்தேன். எழுதினாங்க. ஏன், அம்மாவுக்கு எழுதத் தெரியாதா?"

"எந்தக் கையில குடுத்தே?"

"என்ன கேள்வி இது? வலது கையிலதான். அவங்களுக்கு விழுந்தது இடது கைதானே?"

தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மா சொன்ன பழமொழி இல்லை.

தெல்மா ஆகஸ்டாவின் பக்கம் திரும்பினாள். லோயிஸ் படுத்திருந்த ஐந்து மாதமும் வாரம் தவறாமல் போய்ப் பத்திரிகை வாசித்துக் காட்டியவள் அந்தக் கிழவி. அவள் முகம் மாறிப்போயிருந்தது.

"வெண்டல்" என்றாள் ஆகஸ்டா மெதுவாக. "உங்கம்மாவுக்கு விழுந்தது வலது கை. நான் போனா இடது கையாலதான் என்னைப் பிடிச்சுக்குவாங்க. வலது கை செத்தே கிடந்துச்சு. சாகற வரைக்கும்."

அந்தத் தேதி மட்டும் இல்லையென்றால், கை நன்றாக இருந்தபோது எழுதியது என்று சொல்லித் தப்பித்திருப்பான் வெண்டல்.

"பன்னெண்டு வருஷம் இந்த அலமாரிக்காகத்தான் உன்மேல ஆத்திரமா இருக்கேன்னு நெனச்சேன்" என்றாள் தெல்மா. இப்போது அவள் குரல் உயர்ந்தது. உயரட்டும் என்று விட்டாள். "அம்மா அழுதுக்கிட்டே சுவரைக் காட்டினாங்களே, அது இதைச் சொல்றதுக்குத்தான். நீ கழட்டினதைப் படுத்துக்கிட்டே பாத்திருக்காங்க. ரெண்டு நாள் ஒரே வீட்டுல இருந்திருக்கே. ஒரு வாய் தண்ணி குடுத்திருந்தாக்கூட எந்தக் கைன்னு தெரிஞ்சிருக்கும் உனக்கு! திருகாணியை எண்ணத் தெரிஞ்சுது. பெத்தவளுக்கு எந்தக் கை விழுந்துச்சுன்னு தெரியல!"

யாரும் 'ச்சு' கொட்டவில்லை. தொப்பி அம்மாள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ரூபன், கீழ்பாதியையும் கழட்டுங்க. வண்டி இருக்கா?" என்றாள் ஆகஸ்டா.

"வாசல்லயே இருக்கு."

"இந்தச் சுவரை என்ன பண்றது?" என்று முனகினான் வெண்டல். அலமாரி இருந்த இடத்தில் பூசாத சிமென்ட்டும் மின்சாரக் கம்பியும் பல்லைக் காட்டின.

"அப்படியே இருக்கட்டும்" என்றாள் தெல்மா. "இன்னும் ரெண்டு மணி நேரம் கூட்டம் வரும். சுவரைக் காட்டி விளக்கம் சொல்றேன்."

"ஆகஸ்டா, இது..."

"வீட்டுக்காரங்க நாலு மணி வரைக்கும் வெளிய" என்றாள் ஆகஸ்டா. "போறப்போ உறையைக் கூடையில போட்டுட்டுப் போ."

அவன் போனான். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அது அவனுக்குப் பார்ப்பதைவிட மோசமாக இருந்திருக்கும். தெல்மாவுக்கு இனித்தது. ஆமாம், இனித்தது. பாவம் என்று ஒரு துளிகூடத் தோன்றவில்லை.

ரூபனும் மற்றவர்களும் கீழ்பாதியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, தெல்மா மேல்பாதியின் முதுகருகே குனிந்தாள். தன்னுடைய ஆறு வயதுப் பெயரை இன்னொரு தடவை பார்க்கத்தான் குனிந்தாள். கண் கீழே போனது. 'தெல்மாவிடம் சொல்ல வேண்டாம்.' அம்மாவின் எழுத்தை யாரோ கச்சிதமாகப் பிடித்திருந்தார்கள். ஒரே இடத்தில்தான் பழக்கம் மீறிவிட்டது. அவள் பெயரின் முதல் எழுத்துக்கு மேலே போட்ட கோடு, கடைசி எழுத்து வரைக்கும் குடை பிடித்திருந்தது.

போன வாரத் தபால் உறை அவள் கைப்பையில்தான் இருந்தது. எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

நிமிர்ந்தாள். அறைக்குள் இன்னும் ஒருத்தி போகாமல் நின்றுகொண்டிருந்தாள், கையில் கணவனின் தொப்பியோடு. அந்த இரண்டு நாளும் அம்மாவுக்கு ஊட்டிவிட்டவள் அவள். செத்துக் கிடந்த வலது கை வறண்டுபோகாமல் களிம்பு தடவியவளும் அவள்தான். தெல்மா ஊரிலிருந்து வந்தபோது அம்மாவின் கையில் அந்த வாசனை இருந்தது. இத்தனை வருஷத்தில் அதை ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

"கொரின்..."

கொரின் வாசலைப் பார்த்தாள். காகித உறையைக் காலிலிருந்து உருவத் தெரியாமல் அங்கே ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டிருந்தான் வெண்டல். அவள் அருகில் வந்து, தெல்மாவுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"அவர் எழுதச் சொன்னது ரெண்டு வரிதான், தெல்மா. தேதியை நானாப் போட்டேன்."

சொல்லிவிட்டுத் தொப்பியைத் தட்டித் தூசி போக்கிக்கொண்டே புருஷனைத் தேடி நடந்தாள்.